விழுந்த ஹெலிகாப்டர் அப்புறம் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலையில் பல வருஷம் இருந்துவிட்டுச் சேலத்துக்கே திரும்பி வந்தவன் நான். கன்னங்குறிச்சி டீக்கடை, செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த காயலான்கடை, ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் வீடு, தேர்தல் நேரத்தில் சுண்ணாம்பில் வட்டம் போட்ட மைதானம் என்று எங்கே போனாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இங்கே இருப்பது பெரும்பாலும் ராணுவத்தைச் சேராத ஹெலிகாப்டர்களின் கதை, அதிலும் பழசுகளின் கதை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

1. இன்ஜின் நின்னுட்டா ஹெலிகாப்டர் கல்லு மாதிரி பொத்துனு விழுந்துடுமா?

விழாது. இன்ஜின் நின்றவுடன் விமானி தன் இடது கைப்பக்கம் இருக்கும் நெம்புகோலைக் கீழே அழுத்துவார். மேலே சுற்றும் இறக்கைகளின் சாய்வு குறையும். ஹெலிகாப்டர் இறங்க ஆரம்பிக்கும். கீழிருந்து மேலே வரும் காற்று இறக்கைகளைச் சுற்ற வைக்கும். தரையை நெருங்கும்போது அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் வேகத்தை ஒரே இழுப்பில் செலவழித்து மெதுவாக உட்கார வைக்க வேண்டும். அந்த வாய்ப்பு ஒரு தடவைதான். இதற்குப் பெயர் ஆட்டோரொட்டேஷன். இதைப் பழகாமல் யாருக்கும் ஹெலிகாப்டர் ஓட்டும் லைசென்ஸ் கிடைக்காது.

1972 ஜூன் 21 அன்று ழான் புலே என்ற பிரெஞ்சு விமானி, லாமா என்ற சிறிய ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் போய்ச் சாதனை படைத்தார். இறங்க ஆரம்பித்ததும் இன்ஜின் அணைந்துவிட்டது. அந்தக் குளிரில் மறுபடி பற்றவில்லை. அத்தனை உயரத்திலிருந்தும் இன்ஜின் இல்லாமலே இறங்கித் தரையைத் தொட்டார். அதே லாமாவைத்தான் நம் அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். சீட்டா என்ற பெயரில் தயாரித்தது.

ஆனால் இதற்கு உயரமோ வேகமோ ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். மரத்து உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது இன்ஜின் போனால் இந்த வித்தை உதவாது. கியர்பாக்ஸ் இறுகி இறக்கை சுற்றாமல் நின்றுவிட்டாலும் உதவாது.

2. அறுபது வருசத்துப் பழசையெல்லாம் பறக்க விடறாங்களாமே. கவர்மெண்ட் ஜீப்புக்கே பதினஞ்சு வருசம்தான?

ஹெலிகாப்டருக்கு வயதை வருஷத்தில் மட்டும் பார்ப்பதில்லை. அதுவும் மொத்த வண்டிக்கு ஒரே வயது என்பதும் கிடையாது. இறக்கை, இறக்கையைப் பிடித்திருக்கும் தலைப்பகுதி, வால் ரோட்டர் (வாலில் சுற்றும் சின்ன இறக்கை) தண்டு என்று முக்கியமான பாகம் ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிப் பதிவேடு, தனி ஆயுள் உண்டு. இத்தனை மணி நேரம் பறந்தபின் கழற்றிப் பிரித்துப் பார், இத்தனை மணிக்குப் பிறகு தூக்கிப் போடு என்று தயாரிப்பாளர் எழுதி வைத்திருப்பார். ஆயுள் முடிந்த பாகம் பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும் போட முடியாது. அதனால் 1960களில் செய்த ஹெலிகாப்டர் ஒன்றில் அன்றைக்கு மாட்டிய பாகம் இன்றைக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும்.

பெல் 47 நல்ல உதாரணம். பொதுமக்கள் பயன்பாட்டுக்கு என்று உலகில் முதலில் சான்றிதழ் வாங்கிய ஹெலிகாப்டர் அதுதான், 1946 மார்ச் 8 அன்று. கண்ணாடிக் குமிழ் மூக்கும், கம்பிக் கூடு போன்ற வாலுமாகப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். 1974 வரை 5,600க்கு மேல் செய்தார்கள். அப்புறம் தயாரிப்பு நின்றது. ஆனாலும் 2010இல் அதன் உரிமையை வேறொரு நிறுவனம் வாங்கி, பாகங்கள் செய்து கொடுக்கிறது. இன்னும் பறக்கிறது.

3. அப்ப பழசா இருக்கறதால விழறதில்லையா? பின்ன எதனாலதான் விழுது?

பாகம் உடைந்து விழுவதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் படித்த விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது மேகம், மின்கம்பி, அளவுக்கு மீறிய எடை, பிறகு அவசரம். வானம் சரியில்லை என்று தெரிந்தும் கிளம்புவது; கிளம்பியபின் திரும்ப மனசு வராமல் மேகத்துக்குள் நுழைவது. மேகத்துக்குள் கண்ணுக்குத் தரையும் தெரியாது, வானமும் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு பொய் சொல்ல ஆரம்பிக்கும். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழகாதவர், சரியாகத்தான் பறக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே மலையில் மோதிவிடுவார்.

2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற பெல் 430, நல்லமலைக் காட்டில் விழுந்தது. அடுத்த நாள்தான் கண்டுபிடித்தார்கள். அந்த ரகம் சந்தைக்கு வந்ததே 1990களில். எனவே பழசு என்ற பேச்சுக்கே இடமில்லை. கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தம் பற்றிய ஓர் எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்று ஆறு நிமிடத்துக்கு மேல் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் இடிமேகத்துக்குள் போய்விட்டார்கள் என்பது விசாரணைக் குழு சொன்னது. 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத் பக்கம் விழுந்த பெல் 407இல் ஏழு பேர் இறந்தார்கள். அதில் மூவர் சென்னைக்காரர்கள். அன்றும் மலையில் மூடுபனி.

4. குன்னூர்ல விழுந்ததும் இதே கதைதானுங்களா?

அது விமானப்படையின் எம்.ஐ. 17 வி5, 2021 டிசம்பர் 8. விசாரித்தது முப்படைக் குழு. விசாரணை நடைமுறையும் வேறு. ஆனால் காரணமாகச் சொன்னது மேலே உள்ள பதிலில் இருப்பதுதான். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் போய்விட்டது.

5. ஏற்காட்டுக்கு ஹெலிகாப்டர் விட்டா டூரிஸ்ட்டுக்கு நல்லாத்தான இருக்கும். என்ன ஆபத்து?

நல்லாத்தான் இருக்கும், நாள் பார்த்து ஓட்டினால். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500. அரை மணி நேரத்துக்குள் அடிவாரத்து வெயிலிலிருந்து மலை மேல் பஞ்சு மூட்டத்துக்குள் நுழையலாம் என்பது இங்கே பைக்கில் போகிறவர்களுக்கே தெரியும். ஹெலிகாப்டருக்கு அது சில நிமிட வேலை.

இன்னொன்று, காற்றின் அடர்த்தி. உயரம் கூடினாலும் வெப்பம் கூடினாலும் காற்று லேசாகும். ஏற்காட்டில் 25 டிகிரி இருக்கும் ஒரு மதியம், ஹெலிகாப்டரின் இறக்கைக்கு அந்த இடம் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயர மலை போலத்தான். பழைய வண்டிகளில் இன்ஜினுக்கு மிச்ச பலம் குறைவு. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு காமலாபுரம் ஏர்போர்ட்டில் சுலபமாக எழும்பியது, அதே ஆறு பேருடன் மேலே எழும்பாமல் போகலாம். 'ஒரு ஆள்தானே, ஏறிக்கட்டும்' என்ற பேச்சு பஸ்ஸுக்குச் சரி.

இன்ஜின் நின்றால் இறங்கலாம் என்று முதல் பதிலில் சொன்னேன். இறங்க ஓர் இடம் வேண்டுமே. சேர்வராயன் சரிவு முழுக்க சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் காபிச் செடியும்தான். சமதரை என்றால் ஏரி ஓரமும் பள்ளிக்கூட மைதானங்களும். பள்ளத்தைக் குறுக்கே தாண்டிப் போகும் மின்கம்பிகள் மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாது. கம்பங்களைப் பார்த்துத்தான் கம்பி இருப்பதை ஊகிக்க வேண்டும்.

6. எங்க எஸ்டேட்டுல ஒண்ணு வந்து விழுந்துட்டா நாங்க என்னங்க பண்றது?

முதலில் 112. அப்புறம் ஆட்களைக் காப்பாற்றுவது. அதற்காக எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம், வெட்டலாம், உடைக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காப்பாற்றி முடிந்தபின் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிற ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறான். அவன் எடுத்த துண்டுதான் விசாரணைக்குத் தேவைப்பட்டதாக இருக்கும்.

இறக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் நிற்கும் வரை கிட்டே போகாதீர்கள். மலைச்சரிவில் இது ரொம்ப முக்கியம். மேட்டுப் பக்கமிருந்து இறங்கி வருகிறவர்களின் தலை உயரத்தில் இறக்கை இருக்கும். எப்போதும் பள்ளத்துப் பக்கமிருந்து ஏறிப் போக வேண்டும். வால் பக்கம் போகவே வேண்டாம்.

தீப்பிடித்து வெள்ளை வெளேர் என்று கண்ணைக் கூசும் வெளிச்சம் வந்தால் அது மக்னீசியம். பழைய ஹெலிகாப்டர்களில் கியர்பாக்ஸ் கூடு பெரும்பாலும் மக்னீசியக் கலவை. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். காய்ந்த மண்ணோ மணலோதான் போட வேண்டும். நம் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டுகிற வெள்ளைக்கல்லிலும் (மேக்னசைட்) இதே மக்னீசியம்தான் இருக்கிறது. ஆனால் கல்லாக இருக்கும்போது எரியாது. எரியாது என்பதால்தான் உலைக்கான செங்கல் செய்யவே போகிறது.

ஒருவேளை யாருமே பார்க்காத இடத்தில் விழுந்தால், மோதிய அதிர்ச்சியில் தானாக இயங்கும் அபாய ஒலிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். நம் நாட்டுக்கு அதை வாங்கிப் பார்க்கும் மையம் பெங்களூருவில் உள்ள இஸ்ரோ நிலையம். பழைய வண்டிகளில் 121.5 அலைவரிசைக் கருவி மட்டும் இருந்தால் செயற்கைக்கோளுக்குக் கேட்காது. அந்தச் சேவையை 2009 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

7. கருப்புப் பெட்டி கிடைச்சா எல்லாம் தெரிஞ்சுடுமில்ல?

சின்னப் பழைய ஹெலிகாப்டர்கள் பலவற்றில் அந்தப் பெட்டியே கிடையாது. (இருந்தாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.) அப்போது உடைந்த துண்டுகளே பேச வேண்டும்.

பேசும். மோதும்போது இன்ஜின் பலம் கொடுத்துக்கொண்டிருந்ததா என்பது தண்டு முறிந்த விதத்திலேயே தெரியும். பலத்தோடு சுற்றிக்கொண்டிருந்த தண்டு முறுக்கிக்கொண்டு உடையும். சும்மா இருந்தது வளைந்து உடையும். எனக்கு ரொம்பப் பிடித்தது எச்சரிக்கை விளக்கு. பழைய வண்டிகளில் அது பட்டாணி அளவு குண்டு பல்பு. எரிந்துகொண்டிருக்கும் பல்பின் இழை சூட்டில் இளகி இருப்பதால், மோதும் வேகத்தில் நீண்டு தொங்கிப்போகும். அணைந்திருந்த பல்பின் இழை சுருள் கலையாமல் அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் கண்ணாடித் துண்டு போலப் பட்டென்று முறிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் வரிசையாகப் பல்புகளைப் பார்த்து, கடைசி விநாடியில் விமானியின் முன்னால் எந்த விளக்கு எரிந்தது என்று சொல்லிவிடுவார்கள். எல்.இ.டி. வந்தபின் இந்த வழி அடைபட்டுவிட்டது.

8. உடைஞ்சு கிடக்கறது யாருக்குச் சொந்தம்? எடத்துக்காரருக்கு ஒண்ணும் கிடையாதா?

விழுந்த இடம் உங்களுடையது என்பதால் விழுந்த பொருள் உங்களுடையது ஆகாது. விசாரணை முடியும் வரை அது மத்திய அரசின் விமான விபத்து விசாரணைப் பிரிவின் பொறுப்பில் இருக்கும். 2012இல் இதற்கென்றே அமைத்தார்கள். முப்பது நாளில் முதல்கட்ட அறிக்கை, முடிந்தால் பன்னிரண்டு மாதத்தில் இறுதி அறிக்கை என்பது சர்வதேச நடைமுறை. யாரைத் தண்டிப்பது என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை, அடுத்தது விழாமல் இருக்க என்ன செய்வது என்று பார்ப்பதுதான். பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. தண்டனை என்று வந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

விசாரணைக்காரர்கள் விடுவித்தபின் உரிமையாளருக்குத் திரும்பும். இன்சூரன்ஸ் முழுத் தொகையும் கொடுத்துவிட்டால் மிச்சம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. உங்கள் காபிச் செடியும் வேலியும் நாசமானதற்கு நஷ்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் பதிந்து வையுங்கள்.

9. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கே, அதை எப்படிக் கீழ கொண்டாருவாங்க?

துண்டு துண்டாக. இறக்கையைக் கழற்றி, வாலை அறுத்து, லாரியில். ரோடு இல்லாத இடம் என்றால் இன்னொரு ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். கேட்க எளிது. 2024 மே 24 அன்று கேதார்நாத்தில் பழுதாகி அவசரமாக இறங்கிய ஒரு சிறிய ஹெலிகாப்டரை, ஆகஸ்ட் 31 அன்று விமானப்படையின் எம்.ஐ. 17 தொங்கவிட்டு எடுத்துப் போனது. ஹெலிகாப்டர் உடம்பு காற்றில் சும்மா தொங்காது, தானும் பறக்கப் பார்க்கும். அது ஆட ஆரம்பித்துத் தூக்கியவனையே இழுத்ததால், பள்ளத்தாக்கில் ஆள் இல்லாத இடம் பார்த்துக் கழற்றிவிட்டார்கள். மே மாதம் உயிரோடு தரையிறங்கிய வண்டி ஆகஸ்டில் செத்தது. யாருக்கும் காயமில்லை.

10. எங்க கடைக்கு வந்தா கிலோ என்ன போகும்?

காயலான்கடை அண்ணன் கேட்டது. விலை அன்றன்றைக்கு மாறும், அதை நான் சொல்ல முடியாது; ஆனால் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் போகும். முதலில், எடையே இருக்காது. ஏழு பேர் உட்காரும் சேத்தக் ஹெலிகாப்டர் காலியாக 1,100 கிலோ சொச்சம். இரண்டாவது, அலுமினியம் என்றாலும் சுத்த அலுமினியம் இல்லை. ஒரு தகட்டில் செம்பு கலந்திருக்கும், அடுத்ததில் துத்தநாகம். இரண்டையும் ஆயிரக்கணக்கான ரிவெட் சேர்த்துப் பிடித்திருக்கும். பாத்திரத்துக்கு உருக்குகிறவர் தொட மாட்டார். மக்னீசியக் கூட்டைத் தெரியாமல் கட்டிங் வீலில் வைத்தால் என்ன ஆகும் என்பது ஆறாவது பதிலில் இருக்கிறது.

இன்னொரு விஷயம், பாகம் முழுசாக உங்கள் கைக்கு வரவே கூடாது. ஆயுள் முடிந்த பாகத்தை அறுத்து, ஓட்டை போட்டு, அதில் பொறித்த வரிசை எண்ணை அழித்துத்தான் எடைக்குப் போட வேண்டும். அப்படிச் செய்யாமல் போட்ட பாகம் பாலிஷ் ஆகி, போலிக் காகிதத்தோடு இன்னொரு ஹெலிகாப்டருக்குள் போன சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. முழு இறக்கை ஒன்று எடைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள் அண்ணா.

11. ஒரே ஒரு தகட்டை வச்சு முழு ஹெலிகாப்டரையே செஞ்சுடுவாங்களாமே, நெசமா?

பாதி நிஜம். ஒவ்வொரு ஹெலிகாப்டரிலும் தயாரிப்பாளர் பெயர், ரகம், வரிசை எண் பொறித்த உள்ளங்கை அளவு தகடு ஒன்று இருக்கும். காகிதப்படி ஹெலிகாப்டர் என்பது அந்தத் தகடுதான். இரண்டாவது பதிலில் சொன்னபடி மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால், நொறுங்கிய வண்டியின் தகட்டையும் பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு நாலு வண்டியின் பாகங்களைச் சேர்த்து மறுபடி எழுப்பும் வழக்கம் பெல் 47 போன்ற பழைய ரகங்களில் உண்டு. பாகத்துக்குப் பாகம் காகிதம் இருந்து, அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது முறையான வேலை. தகட்டை மட்டும் பிடுங்கி வேறு உடம்பில் அடிப்பது குற்றம். சேஸிஸ் நம்பரை மாற்றி அடித்த லாரியை நம் சங்ககிரிப் பக்கம் யாரும் வாங்குவார்களா? அதே கணக்குதான்.

12. ஆள் செத்த வண்டியோட பாகத்தை எடுத்து வேற வண்டியில மாட்டறது தோஷம் இல்லீங்களா?

பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். தோஷத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பயம் நியாயமானது. இறக்கை தரையில் பட்டுச் சட்டென்று நின்றால் அந்த அதிர்ச்சி தண்டு, கியர், பேரிங் எல்லாவற்றிலும் பாயும். வெளியே ஒரு கீறல் இருக்காது. உள்ளே முடி அளவு விரிசல் இருக்கும். அதனால் விபத்தில் சிக்கிய பாகத்தைப் பிரித்து, சாயம் ஊற்றியும் காந்தம் வைத்தும் விரிசல் தேடி, தேறினால்தான் போடலாம். பல பாகங்களைத் தேடாமலே தள்ளிவிடச் சொல்லும் கையேடு. இருக்கையும் ரேடியோவும் பிழைக்கலாம்.

13. விழாமலே மொத்தமா ஓய்ஞ்சு போனது உண்டா?

உண்டு, நம் நாட்டிலேயே. 1980களில் மத்திய அரசின் ஹெலிகாப்டர் நிறுவனமான பவன் ஹன்ஸுக்காகப் பிரிட்டன் உதவித் தொகையில் 21 வெஸ்ட்லேண்ட் 30 ஹெலிகாப்டர்கள் வந்தன. அந்த ரகத்தில் மொத்தமே சுமார் 40தான் செய்தார்கள். பாதிக்கு மேல் நமக்கு. இரண்டு விழுந்து உயிர்கள் போயின, பழுதும் ஓயவில்லை. 1991இல் எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள். பல வருஷம் தூசி படிந்து கிடந்து, கடைசியில் கொடுத்த விலையில் சொற்பத்துக்குப் பிரிட்டனுக்கே திரும்பிப் போயின. இன்ஜின் கெட்டதால் சாகும் ஹெலிகாப்டரைவிட, கவனிக்க ஆளும் பாகமும் காகிதமும் இல்லாமல் சாகும் ஹெலிகாப்டர்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

14. எங்க காலேஜ்ல ஒரு பழைய ஹெலிகாப்டர் நிக்குது சார். இன்ஜின் எல்லாம் இருக்கு. திரும்பப் பறக்க வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. பாடம் நடத்தக் கொடுக்கும்போதே அதன் பதிவை ரத்து செய்திருப்பார்கள். மாணவர்கள் இத்தனை வருஷம் கழற்றி மாட்டியதில் எந்த போல்ட் எத்தனை இறுக்கத்தில் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பத்தாவது பதிலில் சொன்ன ஓட்டையையும் தேடிப் பாருங்கள், எங்காவது போட்டிருப்பார்கள். படிக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு பெல் 47ஐ 1984 முதல் கலைப்பொருளாகவே வைத்திருக்கிறார்கள்.

15. ஏற்காட்டுல எங்க ரிசார்ட் முன்னாடி ஒண்ணு நிறுத்தணும், ஜனங்க செல்ஃபி எடுப்பாங்க. என்ன பாக்கணும்?

பதிவு ரத்தான காகிதமும் விற்ற ரசீதும் இல்லாமல் வாங்காதீர்கள். எரிபொருள், எண்ணெய், பாட்டரி மூன்றையும் எடுத்த பிறகே மலை ஏற்றுங்கள். ரொம்பப் பழசு என்றால் கருவிகளின் முள் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருக்கலாம். கண்ணாடியை உடைக்காமல், விஷயம் தெரிந்தவரை வைத்துக் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் ஏறுகிற பொருளில் அது இருக்கக் கூடாது.

கான்கிரீட்டில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். இறக்கைகளைக் கழற்றிவிடுவது நல்லது. அழகுக்கு வேண்டும் என்றால் வாலோடும் மூக்கோடும் கட்டிப் போடுங்கள். கட்டாமல் விட்டால் ஆடிக் காற்றில் தானாகச் சுற்றி யார் தலையிலாவது படும். பதிவு எழுத்துகளைப் பெயின்ட் அடித்து மறைத்து, கூரைமேல் பெரிதாக ஒரு மஞ்சள் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே பறந்து போகிற எவராவது ஏற்காட்டில் ஹெலிகாப்டர் விழுந்து கிடக்கிறது என்று தகவல் சொல்லி, ஆம்புலன்ஸ் உங்கள் வாசலில் வந்து நிற்கும்.